துப்பாக்கிக் குழலின் தேர்வும் குறியின் திருத்தமும்

மணிலாக்கொட்டை காய் பிடிக்கும் பருவத்தில் ஓரிரவு காட்டுப்பன்றிக் கூட்டம் நிலத்தில் புகுந்துவிட்டால், ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்பு பொழுது விடிவதற்குள் பாழாகிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி மலையடிவாரங்களில் பயிர் செய்வோர் இதை நன்கறிவர். ராணிப்பேட்டை ஜில்லாவின் குடியானவர்களுக்கும் இது புதிய செய்தியன்று. இவ்வாறு நஷ்டமடைந்தவர்களுக்கு முதலில் தோன்றும் எண்ணம் துப்பாக்கி ஒன்று வாங்கவேண்டும் என்பதே. "நீளமான குழலாக இருந்தால் குறி தப்பாது" என்று யாரோ சொல்ல, அதை நம்பிக் கடன் வாங்கிப் பணத்தைச் செலவிடுவோரும் உண்டு. குழலின் இயல்பை அறியாமல் செய்யும் இச்செலவு பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. சில சமயம் அயலாரின் உயிருக்கும் ஆபத்தாக முடிகிறது. ஆகையால் குழல் எவ்வாறு வேலை செய்கிறது, எந்தக் காரியத்துக்கு எது ஏற்றது என்பதைச் சங்க அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

சட்டம் வகுத்த இரு வகை

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு துப்பாக்கிகளைக் குழலைக் கொண்டே பிரித்துப் பேசுகிறது. உள்ளே வழவழப்பான, 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள துப்பாக்கி தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் உரியது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு உரியது. அது போதாது என்று அதிகாரி திருப்தியடைந்தால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் லைஸென்ஸ் அளிக்கலாம். உட்புறத்தில் திருகு வரி வெட்டிய ரைபிள்களில் .22 அளவுள்ளது, அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்தின் அங்கத்தினர் குறி பழகுவதற்கென்று தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. குழலை அறுத்துக் குறைப்பதை 6-வது பிரிவு தடுக்கிறது.

வேட்டையைப் பற்றி ஒரு விஷயத்தை மனத்தில் இருத்தவேண்டும். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்நாட்டில் இடமில்லை. துப்பாக்கிக்கு லைஸென்ஸ் இருப்பது பன்றியைச் சுடுவதற்கு அனுமதி ஆகாது. 2025-ல் தமிழ்நாடு சர்க்கார் பிறப்பித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுட வழி உண்டு. குடியானவர் செய்யவேண்டியது நஷ்டத்தை உடனே வனத்துறைக்குத் தெரிவிப்பதாகும்.

வழவழப்புக் குழல்

1781-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி சோளிங்கபுரத்தில் ஹைதர் அலியின் சேனையும் கும்பினிச் சேனையும் மோதியபோது சிப்பாய்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் வழவழப்புக் குழல்களே. விரைவில் கெட்டிக்கவேண்டும் என்பதற்காக அவற்றில் குழலைவிடச் சிறிய ஈயக்குண்டைப் போட்டார்கள். குண்டு குழலின் சுவரில் இங்கும் அங்கும் மோதிக்கொண்டு வந்து, கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்பத் திசை மாறிப் போயிற்று. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிவைத்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டமாகவே இருந்தது.

இன்றைய 12-போர்த் துப்பாக்கியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று நுழையும் அளவே அதன் குழலின் அளவு. இதில் பல ரவைகள் சேர்ந்து வெளிவந்து விரிகின்றன. குழலின் வாய் சற்றும் குறுகாமல் இருந்தால், 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சுமார் 40 சதவிகித ரவைகள் விழும். வாய் நன்றாகக் குறுகியிருந்தால் சுமார் 70 சதவிகிதம் விழும். இவ்வித்தியாசத்தைச் செய்வது வாயின் குறுக்கமேயன்றிக் குழலின் நீளமன்று. ரவை விரைவில் வேகம் இழந்துவிடுவதால், வீடுகள் நெருங்கிய இடங்களில் ரைபிளைவிட இதனால் ஆபத்து குறைவு. .22 தோட்டாவின் சிறு குண்டும் ஒரு மைலுக்கு மேல் செல்லக்கூடியது என்பதை மறக்கலாகாது.

திருகு வரியின் வேலை

சுழலாத பம்பரம் நிற்பதில்லை. சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது. ரைபிள் குழலின் உட்சுவரில் திருகாக வெட்டிய பள்ளங்கள் குண்டைப் பற்றிச் சுழற்றி அனுப்புகின்றன. சுழலும் குண்டு தலைகுப்புறப் புரளாமல் நேராகச் செல்கிறது. 1853-ல் வந்த என்பீல்டு ரைபிளில் இத்தகைய பள்ளங்கள் மூன்று. அவை 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றின. பின்னர் குண்டு மெலிந்து நீண்டபோது சுற்றும் நெருங்கவேண்டியதாயிற்று; .303 லீ-என்பீல்டில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

எவ்வளவு நெருக்கம் தேவை என்பதற்கு 1879-ல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலக் கணித நிபுணர் எளிய கணக்கு ஒன்று கொடுத்தார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்று பார்த்து, 150-ஐ அதனால் வகுத்து, வந்ததை விட்டத்தால் பெருக்கவேண்டும். .22 குண்டின் விட்டம் .224 அங்குலம்; நீளம் சுமார் இரண்டு மடங்கு. 150-ஐ 2-ஆல் வகுத்தால் 75, அதை.224-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 17 அங்குலம். வழக்கத்தில் இவ்வகை ரைபிள்களுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைக்கிறார்கள். ஆகவே குழலைத் தனியே பார்த்து நல்லது, கெட்டது என்று தீர்மானிக்க முடியாது. அதில் செல்லும் குண்டுக்கு அது பொருந்துகிறதா என்பதே கேள்வி.

நீளமும் பருமனும்

நீண்ட குழல் குண்டுக்கு வேகத்தைக் கூட்டலாம், குறியைத் திருத்துவதில்லை. .22 தோட்டாவில் மருந்து சொற்பமாதலால், 16 முதல் 19 அங்குலத்துக்குமேல் குழல் நீண்டாலும் வேகம் அநேகமாகக் கூடுவதில்லை. நீளத்தால் உண்டாகும் நன்மை, திறந்த குறிமுனைகள் இரண்டுக்கும் இடையே தூரம் கூடிக் கண்ணுக்குக் குறி எளிதாவதே.

குறியைக் காப்பது விறைப்பு. வெடிக்கும்போது குழல் தட்டிய கம்பிபோல் அதிர்கிறது. கட்டியான இரும்புக் கம்பியின் பருமனை இரட்டித்தால் விறைப்பு 16 மடங்காகிறது. குட்டையான, பருத்த குழல் குறைவாக அதிரும். சூடேறினாலும் எளிதில் வளையாது. ஆனால் கனம் கூடும். மேசையில் தாங்கிச் சுடும் பந்தயத்துக்குக் கனமான குழல் உகந்தது. தோளில் சுமந்து நடக்கவேண்டிய வனக்காவலருக்கு நடுத்தரமானதே ஏற்றது.

குழல் மரக்கட்டையைத் தொடாமல் நிற்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை வாங்கிப் பருக்கிறது; பருத்த மரம் குழலை ஒரு பக்கமாக நெருக்கினால் சித்திரையில் சரியாக இருந்த குறி மழைக்காலத்தில் விலகிவிடும். ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செலுத்திப் பார்த்தால் இடைவெளி உண்டா என்பது தெரியும்.

உலோகமும் தேய்மானமும்

தோலைப் பதனிட உதவும் குரோமியம் துப்பாக்கிக் குழலிலும் இருக்கிறது. சாதாரண ரைபிள் எஃகில் அது சுமார் 1 சதவிகிதம். துருவேறாக் குழல் எஃகில் 12 சதவிகிதத்துக்கு மேல். பின்னது துருவுக்கு எளிதில் இடங்கொடாது. எனினும் அடியோடு துருப்பிடிக்காதது என்று எண்ணிக் கவனியாமல் விடக்கூடாது. ராணுவத் துப்பாக்கிகள் பலவற்றில் குழலின் உட்புறத்துக்கே குரோமியப் பூச்சு உண்டு. அது ஆயுளை நீட்டுவது, ஆனால் பூச்சு ஒரே சீராக அமையாவிட்டால் குறியின் நுட்பம் குறையலாம்.

குழலைத் தின்பது பெரும்பாலும் வெப்பமே. நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் கொடுத்த கார்டைட் மருந்து புழக்கத்துக்கு வந்தபோது, லீ-மெட்போர்டு ரைபிளின் ஆழமற்ற வரிகள் சீக்கிரம் அழிந்தன. அதனாலேயே 1895-ல் ஆழமான ஐந்து பள்ளங்களுள்ள லீ-என்பீல்டு வந்தது. பழைய ரைபிளை வாங்குவோர் வெளி மெருகைக் காணாமல், தோட்டா இருக்கும் இடத்துக்கு அடுத்த வரிகளையும், குண்டு வெளிவரும் வாயின் விளிம்பையும் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் வாயு அவ்வழியே முந்தி வெளியேறிக் குண்டைத் தள்ளிவிடும்.

தோல் உறையும் உப்பும்

பாலாற்றங்கரைத் தொழிலாளிகளுக்கு இது எளிதில் விளங்கும். உப்பிட்ட பச்சைத்தோல் மழைநாளில் கசிவதைப்போல, பழைய வகைத் தோட்டாக்களின் கேப்பு வெடித்தபின் குழலில் தங்கும் உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். அதை எண்ணெய் கரைக்காது. வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, பின்பே எண்ணெய் பூசவேண்டும். சுத்தம் செய்யும் கோலை இயன்றவரை பின்புறத்திலிருந்தே செலுத்தவேண்டும்.

அழகிய தோல் உறை இப்பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும். ஆயினும் துப்பாக்கியை அதிலேயே மாதக்கணக்கில் வைத்திருப்பது தவறு. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பதனிட்ட பொருள்களின் அமிலமும் உப்பும் இரும்பை அரிக்கும். உறை எடுத்துச் செல்வதற்கு மட்டும். வீட்டில் பூட்டிய பெட்டியில், காற்றோட்டமாக, தோட்டாவை வேறிடத்தில் வைத்துப் பாதுகாப்பதே முறை.

வாங்குமுன் சோதனை

ரைபிள் சங்கத்தின் குறிமைதானத்தில், தாங்கலில் வைத்து, ஒரே வகைத் தோட்டாவால் 50 கஜத்தில் பத்து முறை சுட்டுப் பார்க்கவேண்டும். மூன்று குண்டுகள் ஓரிடத்தில் விழுவது தற்செயலாகவும் நிகழும். பத்தும் நெருங்கினால் அதுவே சாட்சி. 50 கஜத்தில் 2 அங்குலம் பரவுவது 100 கஜத்தில் குறைந்தது 4 அங்குலமாகும். பின் வேறு வகைத் தோட்டாவால் சோதிக்கவேண்டும். குழலை மாற்றாமல் தோட்டாவை மாற்றியே பரவல் பாதியாகக் குறைவதும் உண்டு. 50 மீட்டர்ப் பந்தயத்தில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் 10.4 மில்லிமீட்டரே, அத்தகைய நுட்பத்துக்குத்தான் விலையுயர்ந்த குழல் வேண்டும்.

ஆகையால், குறி பழக விரும்புவோர் தனித்தனியே கடன்படாமல், அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்தில் சேர்ந்து, பொதுத் துப்பாக்கியில் பழகுவது சிக்கனம். பயிரைக் காக்க விரும்புவோர் துப்பாக்கிக்குச் செலவிடுமுன், அண்டை நிலத்தாருடன் கூடி உறுதியான வேலியும் முறைக்காவலும் ஏற்படுத்துவது மேலானது. நல்ல குழல் குண்டை நேராக அனுப்பும். அது எங்கே போய் விழுகிறது என்பதற்குச் சுடுபவரே பொறுப்பாளி.