உப்புக் காற்றில் ஊற்றுப்பேனா

பாம்பன் கரையில் படகுகள் ஒதுங்கும் காலைப்பொழுதில் கணவாய் அறுக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். ஓட்டை உருவி, குடலோடு மைப்பையையும் கிழியாமல் எடுத்து எறியும் விரைவு அவர்கள் கைக்கு இயல்பானது. எப்போதேனும் ஒரு பை கிழிந்துவிட்டால் கை முழுதும் கரும்பழுப்பு படரும். சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னும் நகக்கண்களில் அந்நிறம் தங்கும். மைப்பேனா, மைப்புட்டி, எழுதுதாள் ஆகியவற்றின்மேல் நெடுநாள் பற்றுக்கொண்ட எனக்கு, மணலில் வீசப்படும் அந்தப் பை ஒவ்வொரு முறையும் மைக்கூடாகவே தோன்றும். உரோமர் இம்மையால் எழுதினர். பழுப்பு நிறமொன்றுக்கு ஐரோப்பியர் இட்ட ‘செபியா’ என்னும் பெயரே கணவாய்க்குரிய கிரேக்கச் சொல்தான்.

1947 இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்னர் மண்டபத்தில்தான் இருந்தது. 1971 இல் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறியபின்னும் மண்டபத்து நிலையம் பணியாற்றி வருகிறது. அங்கே ஆராயப்படும் உயிர்களுள் கணவாயும் ஒன்று. அதன் மையில் இருப்பது மெலனின். நம் தலைமயிரையும் தோலையும் கருமையாக்கும் நிறப்பொருளின் உறவு. பகைவரிடமிருந்து தப்பக் கணவாய் கக்கும் அம்மையில் இம்மெலனின் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஓர் உருண்டையின் விட்டம் 100 முதல் 200 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐயாயிரம் முதல் பதினாயிரம் உருண்டைகளை வரிசையாக அடுக்கிவிடலாம். ஒளியின் எல்லா நிறங்களையும் அவை விழுங்குவதால் நமக்குக் கருமை தெரிகிறது.

மெலனின் எளிதில் சிதையாத பொருள். இங்கிலாந்தின் இலைம் ரீசிசு கடற்கரையில் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேரி ஆனிங்கும் எலிசபெத் பில்பாட்டும் கணவாயின் தொல்லுறவான உயிரினங்களின் புதைபடிவங்களில் உலர்ந்த மைப்பைகளைக் கண்டனர். அவற்றை அரைத்து நீரில் குழைத்தபோது மை மீண்டது. 19 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த மையால், பாறையில் கிடைத்த கடற்பல்லி ஒன்றின் மண்டையோட்டை வரைந்து 1833 இல் எலிசபெத் தம் தோழிக்கு அனுப்பினார். எழுதுபொருள் வரலாற்றில் இதற்கு ஈடான மற்றொரு மடலை நான் அறியேன்.

கணவாய் மை செய்யும் முறை கடினமன்று. மைப்பையை உலர்த்திக் காரநீரில் கரைப்பர். வடிகட்டிய கரைசலில் அமிலம் சேர்த்தால் மெலனின் வீழ்படிவாக இறங்கும். அதைப் பலமுறை கழுவிப் பிசின்நீரில் குழைத்தால் எழுதும் மை. பிசினுக்கு நாம் தொலைவு போக வேண்டியதில்லை. இராமநாதபுரக் கண்மாய்க் கரைகளில் நிற்கும் நாட்டுக் கருவேலம் அதைத் தருகிறது. நான் குழைத்த முதல் கலவை மூன்றாம் நாளே நாறியது. ஒரு கிராம்பை இட்டு வைத்த அடுத்த கலவை தப்பியது. தொட்டெழுதும் முள்ளில் அது அழகாக ஓடும். ஊற்றுப்பேனாவில் ஊற்றவே கூடாது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பேனாவின் நுண்வழிகளை அடைத்துவிடும்.

கணவாய் தரும் எழுதுபொருள் மை மட்டுமன்று. நாட்டுமருந்துக் கடைகளில் ‘கடல்நுரை’ என்று விற்கும் வெண்ணிற ஓடு அதனுடையதே. அதன் பொடியை ஐரோப்பிய எழுத்தர்கள் மேசைமேல் சிமிழில் வைத்திருந்தனர். சொரசொரப்பான தாளில் தேய்த்து மை பரவாமல் தடுக்கவும், எழுதிய ஈரத்தின்மேல் தூவி உலர்த்தவும் அது பயன்பட்டது. ஒரே உயிர் மையையும் தருகிறது, அம்மையை அடக்கும் பொடியையும் தருகிறது.

அடக்க வேண்டியது ஈரம். இக்கரையில் அது எந்நேரமும் உடனிருக்கும் பொருள். முன்னோர் அதனோடு போராடவில்லை. அதைச் சுற்றிச் சென்றனர். இராமநாதபுரச் சீமை பனையின் சீமை. பதப்படுத்திய ஓலையை எழுத்தாணியால் கீறி, விளக்குக்கரியும் எண்ணெயும் குழைத்த பூச்சைத் தேய்த்துத் துடைத்தால் கீறலில் மட்டும் கரி தங்கும். அங்கே மை ஓடவில்லை; ஓட வேண்டிய தேவையே இல்லை. ஓலையின் பரப்பு நீரைக் குடிக்காது. கரியோ வேதியியலில் பெரும்பாலும் எதனோடும் சேராத பொருள், வெயிலிலும் வெளுக்காது. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் எழுதியோர் அதை விட்டனர். படிப்போர் இடமறிந்து மெய்யென உணர்ந்தனர். ஒரு பொருளின் இயல்பு ஒரு மொழியின் எழுத்துமுறையையே வளைத்த செய்தி இது. அவ்வேடுகளைத் தொகுத்து அச்சுக்குக் கொண்டுவர உழைத்த மதுரைத் தமிழ்ச்சங்கத்தை 1901 இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இம்மண்ணின் மைந்தர்.

தாளில் எழுதத் தொடங்கியபோது ஈரத்தை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியதாயிற்று. கடுக்காய்க் கசாயத்தில் அன்னபேதியைக் கரைத்துச் செய்த மை அதற்கொரு விடை. கடுக்காயின் துவர்ப்பொருள் அன்னபேதியின் இரும்போடு சேர்ந்து முதலில் வெளிறிய கரைசலாகவே இருக்கும். எழுதியபின் காற்றிலுள்ள ஆக்சிசன் ஃபெரசு இரும்பை ஃபெரிக் இரும்பாக்க, நீரில் கரையாத கருநீலம் தாளின் நாருக்குள்ளேயே உருவாகிறது. எழுதும்போதே கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் பிற்காலத்தார் அதில் நீலச்சாயம் கலந்தனர். ‘புளூ பிளாக்’ என்னும் பெயரின் வரலாறு இதுவே. அழியாத மை, ஆனால் அமிலமும் இரும்பும் சேர்ந்து நூறாண்டுகளில் தாளை அரித்துவிடும். பழைய பத்திரங்களில் எழுத்தின் ஓரம் பழுப்பேறி உதிர்வதைக் காணலாம்.

இனி ஊற்றுப்பேனா. 1884 இல் நியூயார்க்கில் இலூயிசு எட்சன் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற அமைப்பின் உயிர்நிலை, முள்ளின் அடியில் பொருந்தும் கரிய கட்டை. அதன் பள்ளத்தில் வெட்டிய நுண்கோடுகள் வழியே மை இறங்குகிறது; இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று மேலேறுகிறது. மையை இழுத்து நிறுத்துவது நுண்புழை ஈர்ப்பு. கணக்கிட்டுப் பார்க்கலாம். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளவு தூய நீரை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரம் தாங்கும். பேனாவின் நீளமே அவ்வளவுதான்! மையில் சாயமும் ஈரமூட்டியும் கலந்திருப்பதால் இழுவிசை குறையும். எனினும் தலைகீழாகப் பிடித்த பேனாவிலிருந்து மை கொட்டாமலிருக்க அது போதும்.

அப்படியாயின் பள்ளிநாளில் என் சட்டைப்பையை நீலமாக்கிய பேனாக்கள் ஏன் கசிந்தன? நெடுநாள் பேனாவையே குறைகூறினேன். குற்றம் காற்றினுடையது. பில்லரால் மை ஊற்றும் நம் நாட்டுப் பேனாக்களில் உடற்குழாயே மைக்கலம். 3 மில்லிலிட்டர் கொள்ளும். பாதி எழுதியபின் அதில் 1.5 மில்லிலிட்டர் காற்று இருக்கும். நிழலில் 28 பாகை செல்சியசில் இருந்த பேனா, கையின் வெம்மையாலோ மார்போடு ஒட்டியிருப்பதாலோ 34 பாகைக்கு ஏறுகிறது எனக் கொள்வோம். வெப்பத்தால் காற்று 2 விழுக்காடு விரியும். அத்தோடு உள்ளே நிறைந்திருக்கும் நீராவியின் அழுத்தமும் உயர்ந்து மேலும் ஒன்றரை விழுக்காடு சேர்க்கும். மொத்தம் 0.05 மில்லிலிட்டர், சரியாக ஒரு சொட்டு. அந்தச் சொட்டுக்கு முள்ளைத் தவிர வேறு வாயில் இல்லை. கலம் முக்கால் பங்கு வெறுமையானால் காற்றும் மிகும், சொட்டும் பெருக்கும். ஆகவே இவ்வகைப் பேனாவை மை பாதியாகும் முன்பே நிரப்பிவிடுவது நல்ல பழக்கம். நிரப்பும் வேலையில் ஒரு பொழுதின் அமைதி இருப்பதை இத்துறை அன்பர் எவரும் ஒப்புவர்.

அத்தகைய பேனாக்களை இன்றும் கையால் கடைந்து தருவோர் நம்மிடையே உள்ளனர். திருவள்ளூரின் ரங்கா, இராசமுந்திரியின் ரத்னம் ஆகிய பெயர்களை உலகெங்கும் உள்ள ஆர்வலர் அறிவர். எபோனைட்டுக் கோலைக் கடைசலில் ஏற்றி, அளவுகோலைவிடக் கைப்பழக்கத்தை நம்பி, மூடியும் உடலும் ஓசையின்றிப் பொருந்தும்படி மரையிடுவது நுட்பத் தொழில். எபோனைட்டு என்பது கந்தகத்தை மிகுதியாகக் கலந்து வேகவைத்து இறுக்கிய ரப்பர். நெகிழியைவிட அதன் பரப்பு மையோடு நன்கு பொருந்துவதால் கட்டைக்கு அதுவே சிறந்தது என்பது என் துணிபு. கையில் குளிர்ச்சியற்ற மென்மையும் உண்டு. குறை ஒன்றுதான்: வெயிலும் ஈரமும் சேரும் இடத்தில் வைத்தால் மேற்பரப்பின் கந்தகம் ஆக்சிசனேற்றமடைந்து, கருமை மங்கிப் பச்சைப்பழுப்பாகும். கடலோரச் சன்னலருகே நான் வைத்திருந்த பேனா ஒன்று மறைந்த பக்கத்தில் கருமையாகவும் வெயில் பட்ட பக்கத்தில் முற்றிய பாசி நிறமாகவும் இருக்கிறது.

முள்ளுக்கு வேறொரு பகை. காற்றில் மிதக்கும் உப்புத்துகள் ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடந்தால் தானே நீரை ஈர்த்துக் கரைந்து உப்புநீர்த் துளியாகிவிடும். இராமேசுவரம் தீவில் அவ்வளவு ஈரப்பதம் அரிதன்று. துருப்பிடிக்கா எஃகின் மேலுள்ள குரோமிய ஆக்சைடு மென்படலத்தை அத்துளியின் குளோரைடு துளைத்துச் சிறு குழி பறிக்கும். 1914 இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை அரித்ததும் இதே வேதிவினைக் குடும்பமே. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் அரிமான ஆய்வுக்களம் அமைத்து உலோகத் தகடுகளைக் காற்றில் நிறுத்தி வைத்ததன் காரணமும் இதுவே. 14 காரட்டுப் பொன் முள்ளை இத்துளி தொடாது, அதில் 58.5 விழுக்காடு பொன். எஃகு முள் வைத்திருப்போர் அஞ்ச வேண்டா. எழுதி முடித்ததும் மூடியை இறுக்கி மூடுங்கள். திங்களுக்கொருமுறை மழைநீராலோ வாலைவடி நீராலோ கழுவுங்கள். இவ்வூர்க் கிணற்று உவர்நீர் கூடாது. அதன் சுண்ணம் கட்டையின் நுண்கோடுகளில் படிந்துவிடும்.

தாளுக்கு வருவோம். செல்லுலோசு நீரை விரும்பும் பொருள். ஈரக்காற்றில் தாள் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை நீரைச் சுமக்கும். அந்நிலையில் நார்களின் இடைவெளிகள் மையை ஆவலோடு உறிஞ்ச, எழுத்தின் ஓரங்களில் வேர் முளைக்கிறது. இவ்வகை ஊறுதலில் மை செல்லும் தொலைவு காலத்தின் இருமடி மூலத்துக்கு ஏற்ப வளரும் என்று 1921 இல் வேதியியலாளர் வாசுபர்ன் காட்டினார். தொடக்கத்தில்தான் விரைவு, ஆகவே முதல் நொடியிலேயே தடுக்க வேண்டும். தடுப்பது தாளின் மேற்பூச்சு: மாவுப்பசை, விலங்குப்பசை, அல்லது ஆல்சினேட்டு. இந்த ஆல்சினேட்டு கட்டக்கோரை, பக்கடாப்பாசி ஆகிய பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து கிடைப்பது. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையே, இடுப்பளவு நீரில் மூழ்கி எழுந்து பெண்கள் பறித்த பாசிகள் அவை. ஓலை தந்த கரை, மை தந்த கரை, மை ஊறாத் தாளுக்குப் பூச்சும் தருகிறது. தரைமட்ட விலையில் விற்கும் பள்ளிக் குறிப்பேடுகளில் இப்பூச்சு மெலிந்துவிட்டது என்பது என் மனக்குறை. பந்துமுனைப் பேனாவின் பசைமையை அவை தாங்கும்; நீர்மையைத் தாங்கா. மாணவர் கையிலிருந்து மைப்பேனா நழுவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மைகளின் நிறம் தேடுவது இப்பொழுதுபோக்கின் தீராத இன்பம். தனுசுக்கோடியில் நின்றால் ஒருபுறம் அமைதியான பாக்கு விரிகுடா, மறுபுறம் அலையெறியும் மன்னார் வளைகுடா; முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அழைப்பர். இரண்டுக்கும் பொருந்தும் இரு நீலங்களை ஓராண்டாகத் தேடினேன். கடலின் நீலமும் மையின் நீலமும் ஒன்றுபோல் தோன்றினும் பிறப்பு வேறு. சாயத்தில் மின்னணுக்கள் சிவப்பொளியை விழுங்குகின்றன. நீரிலோ ஆக்சிசனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலான பிணைப்பின் அதிர்வே சிவப்பை மெல்ல விழுங்குகிறது. மிக மெல்லியதாகையால் குவளை நீர் நிறமற்றும் ஆழ்நீர் நீலமாகவும் தெரியும். அணுப்பிணைப்பின் அதிர்வால் கண்ணுக்குத் தெரியும் நிறம் பெறும் பொருள்கள் உலகில் மிகச் சில.

பெண்கடலுக்கெனத் தேர்ந்த பச்சைநீல மையையும் ஆண்கடலுக்கெனத் தேர்ந்த கருநீல மையையும் வடிதாள் பட்டை ஒன்றில் புள்ளியாக வைத்தேன். மூன்றாவதாகக் கருவேலம்பிசினில் குழைத்த கணவாய் மை. பட்டையின் நுனியைக் கிண்ண நீரில் தோய்த்துத் தொங்கவிட்டால் நீர் ஏறும்; சாயங்கள் தாளோடு கொண்ட பற்றுக்கேற்ப முன்னும் பின்னுமாகப் பிரியும். வண்ணப்பிரிகை என்பது இதுவே. பச்சைநீலத்திலிருந்து மஞ்சள் ஒன்று கீழே தங்க, வெளிர்நீலம் மேலே ஓடியது. கருநீலம் ஊதா, இளஞ்சிவப்பு, நீலம் என மூன்றாகப் பிளந்தது. ஒரே மையென நான் நம்பியதற்குள் இளஞ்சிவப்பு ஒளிந்திருந்தது. ஈரக்காற்றில் பட்டை உலர மாலை வரை ஆயிற்று. நீர் உச்சிவரை ஏறி நின்றது. கணவாய் மையின் புள்ளி மட்டும் வைத்த இடத்திலேயே, வைத்த வட்டத்திலேயே இருந்தது.