எண்ணும் அதன் காவலும்



கொல்லிமலையில் உள்ள நாடுகளுள் ஒன்று பைல் நாடு. அங்குள்ள பள்ளி ஒன்றில், ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடைய மாணவர் இருவர் பயில்வதாகக் கொள்வோம். ஒருவருக்குரிய உதவித்தொகை மற்றவர் கணக்கில் சேர்ந்துவிட்டால் யாது செய்வது? இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே பள்ளிகளில் சேர்க்கை எண் வழங்கப்படுகிறது. பெயர் பலருக்குப் பொதுவாகலாம். எண்ணோ ஒருவருக்கே உரியது. ஆதார் எண்ணின் நோக்கமும் இதுவே. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிர மாநிலத்துத் தெம்பிலி என்னும் சிற்றூரில் வழங்கப்பெற்றது.

எண்ணைத் தந்துவிட்டால் மட்டும் போதுமா? அதனைக் கணிப்பொறியில் பதிவு செய்பவர் கை தவறலாம் அன்றோ? ஆதலின், பதிவை ஏற்கும் இணையச் செயலி மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

எண்ணின் வடிவம் சரியா என்பது முதல் வினா. ஆதார் எண் 12 இலக்கம் உடையது; 0, 1 ஆகியவற்றில் தொடங்குவதில்லை. இவ்வளவில் பொருந்தாததை உடனே தள்ளிவிடலாம்.

இலக்கங்கள் பிறழாமல் வந்தனவா என்பது இரண்டாவது. இதற்கென எண்ணின் இறுதியில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றைச் சேர்ப்பர். சிறிய எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 472 என்னும் எண்ணின் இலக்கங்களை முறையே 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள்: 16, 21, 4, ஆக 41. இதனுடன் 3 சேர்ந்தால் 44. அது 11-ஆல் மீதியின்றி வகுபடும். எனவே முழு எண் 4723. எவரேனும் முதலிரு இலக்கங்களை இடம் மாற்றி 7423 என எழுதினால், கூட்டுத்தொகை 47; மீதி 3 வருகிறது. பிழை பிடிபட்டது! 2007-க்கு முன் நூல்களுக்கு வழங்கிய பத்திலக்க எண் இம்முறையிலேயே அமைந்தது. ஆதார் எண்ணோ, வெர்ஹூஃப் என்னும் டச்சு அறிஞர் 1969-இல் வெளியிட்ட நுட்பமான முறையைப் பின்பற்றுகிறது. ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது தவறாது காட்டிக்கொடுக்கும்.

இவ்வெண் முன்னரே பதிவாகியுள்ளதா என்பது மூன்றாவது வினா. எளிதெனத் தோன்றும் இவ்விடத்தில்தான் இடர் உள்ளது. செம்மேட்டில் ஒருவரும் நாமக்கல்லில் ஒருவரும் ஒரே எண்ணை ஒரே நொடியில் பதிவு செய்வதாகக் கொள்ளுங்கள். செயலி இருவருக்காகவும் பதிவேட்டைப் பார்க்கிறது. இரு முறையும் 'இல்லை' என்றே விடை கிடைக்கிறது. இரண்டு பதிவுகளும் ஏறிவிடுகின்றன. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடைப்பட்ட சிறு பொழுதே இப்பிழைக்கு வழி. ஆகவே காவலைப் பதிவேட்டின் வாயிலிலேயே வைத்தல் வேண்டும். 'இந்தப் பத்தியில் ஓர் எண் இருமுறை வரலாகாது' என்னும் கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திற்கே விதித்துவிட்டால், இரண்டாவதாக வருவதை அதுவே மறுத்துவிடும். ரூபி ஆன் ரெயில்ஸ், ஜாங்கோ முதலிய செயலிச் சட்டகங்கள் இதற்கு வசதி அளிக்கின்றன. செயலியின் சோதனை, பயனர்க்குப் பிழையைப் பண்புடன் எடுத்துரைக்கப் பயன்படும். உறுதியான காப்பு தரவுத்தளத்தின் கட்டுப்பாடே.

மூன்று சோதனைகளிலும் தேறிய எண், எதிரே நிற்பவருக்கே உரியது என்று கூற முடியுமா? முடியாது. இன்னும் பதிவாகாத வேறொருவரின் சரியான எண்ணும் இவற்றில் தேறிவிடும். அதனை உணர, சான்றிதழைப் பார்த்து, ஆளை விசாரித்து அறியும் மனிதர் தேவை. அவ்வாறே, எண் பொருந்தவில்லை என்றவுடன் மலையேறி வந்த ஏழை ஒருவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புதலும் முறையன்று. தவறு எழுதிய கையிலும் இருக்கலாம். நாளை இத்தகைய செயலிகளை அமைக்கப் போகின்றவர்கள் நீங்கள். பிழையைத் தடுக்கும் கணக்கோடு, பிழையைத் திருத்தும் வழியையும் அவற்றில் அமைத்திடுங்கள்.