வரைவியல் அட்டையின் பின்னணி மென்பொருள்கள்: ஊவாத் தோட்டப்புறக் கணினிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

கணினி மெதுவாக இயங்கத் தொடங்கியதும் அதன் பின்னணியில் ஓடும் நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது இன்று பரவலான வழக்கம். அந்நிரல்களின் பட்டியலை விரித்து நோக்குவோரின் கண்ணில் முதலிற் படுவனவற்றுள் வரைவியல் அட்டையைச் செய்த நிறுவனத்தின் நிரல்களும் அடங்கும். பேச்சுவழக்கில் வி.ஜி.ஏ. கார்ட் எனப்படும் அவ்வட்டையோடு கூடவே வந்து சேர்ந்த இவற்றை நிறுத்தலாமா, நிறுத்தினால் திரை இருண்டுவிடுமா என்னும் ஐயத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைநகர அலுவலகமொன்றில் இவ்வினா அற்பமானதாகத் தோன்றலாம். புதிய கணினியொன்றை வாங்கிவிட்டால் வினாவே மறைந்துவிடும். எல்ல, பண்டாரவளை, ஹாலி-எல, பசறைப் பகுதிகளின் தோட்டப்புறப் பாடசாலைகளில் நிலைமை அத்தகையதன்று. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமெனப் பல்லாண்டு போராடி 2021இலேயே அதனைக் காணமுடிந்த மக்களின் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகள் அவை. அதற்கு அடுத்த ஆண்டிலேயே டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. இறக்குமதிப் பண்டமான கணினி அதனோடு சேர்ந்து எட்டாத உயரத்துக்குச் சென்றது. விண்டோஸ் 10இற்கான இலவச ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவடைந்துவிட்டது. அதன் அடுத்த பதிப்பு கோரும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் பழைய கணினிகளில் இல்லை. ஆகவே நான்கு கிகாபைட் நினைவகத்தோடு நன்கொடையாகவோ இரண்டாங் கையாகவோ வந்த இயந்திரத்தைப் பேணிக் காப்பதைத் தவிர வேறு வழியில்லாத இடத்தில், எந்த நிரல் வேண்டும், எந்த நிரல் வேண்டாம் என்பது கல்வி பற்றிய வினாவாகவே மாறிவிடுகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டை வரையறுத்துக் கொள்ளவேண்டும். வரைவியல் அட்டைக்குரிய மென்பொருள் எனப் பொதுவாகக் கூறப்படுவது ஒரு பொருளன்று. அதன் அடித்தளத்தில் இருப்பது சாதன இயக்கி. பணிசெயல் முறைமையின் கருவோடு இணைந்து, எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்பதை அட்டைக்கு எடுத்துச் சொல்வது அதுவே. அதன்மேல் அமர்ந்திருப்பன துணை நிரல்கள்: கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு சின்னத்தைக் காட்டுவன, குறுக்கு விசைகளைக் கவனித்திருப்பன, திரையின் அளவையும் நிறத்தையும் நினைவில் வைத்திருப்பன, புதிய பதிப்பு வந்ததா எனத் தேடுவன. திரை இயங்குவது முன்னதனால். பின்னவை வசதிகள் மாத்திரமே. இயக்கியை முடக்கினால் விண்டோஸ் தனது அடிப்படைக் காட்சி இயக்கிக்குத் திரும்பிவிடும். எழுத்துகள் பருத்துத் தோன்றும், காணொளி தடுமாறும், மடிக்கணினியின் ஒளியளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது போகலாம். துணை நிரல்களை நிறுத்துவதால் இத்தகைய விளைவு எதுவும் நேர்வதில்லை. மக்களின் அச்சம் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே பிறக்கிறது.

பாடசாலைகளிலுள்ள பழைய கணினிகளிற் பல தனி அட்டை இல்லாதவை. இன்டெல் செயலியோடு ஒட்டிய வரைவியற் பகுதியைக் கொண்டவை. இவற்றின் தொடக்கப் பட்டியலில் ஐ.ஜி.எஃப்.எக்ஸ். ட்ரே, எச்.கே.சி.எம்.டி., ஐ.ஜி.எஃப்.எக்ஸ். பெர்ஸ் என மூன்று பெயர்கள் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தன. முதலாவது வெறும் சின்னம். அதை நிறுத்துவதால் இழப்பு ஒன்றுமில்லை. இரண்டாவது சுவையானது. கொன்ட்ரோல், ஓல்ட் விசைகளோடு கீழ் அம்புக்குறியை அழுத்தினால் திரையைத் தலைகீழாகத் திருப்புவது அதுவே. முப்பது பிள்ளைகள் கூடும் அறையில் எவரேனும் ஒருவர் தெரியாமல் அவ்விசைகளை அழுத்துவார். கணினி பழுதடைந்துவிட்டதெனக் கருதி அது மூலையில் ஒதுக்கப்படவும் கூடும். மேல் அம்புக்குறியை அவ்வாறே அழுத்தத் திரை நிமிர்ந்துவிடும் என்பதை அறிந்தவர் சிலரே. கணினி அறையில் இந்நிரலை நிறுத்துவது நினைவகத்துக்காக அன்று, அமைதிக்காகவே செய்யத்தக்கது. மூன்றாவதைப் பற்றித் திட்டவட்டமாக ஒரு விதி கூறுதல் கடினம். தெரிவுசெய்த காட்சி அமைப்புகளை நிலைநிறுத்துவது அதன் பணி. கணினியை அடிக்கடி மல்டிமீடியாவோடு இணைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர் அதை விட்டுவைப்பது நன்று. ஏனையோருக்கு அது தேவையன்று. மல்டிமீடியாவுக்குப் படத்தை அனுப்புவதற்கு விண்டோஸ் விசையும் பி விசையும் போதும். அவ்வசதி விண்டோஸின் சொந்தச் சொத்து, இன்டெல் நிரலைச் சார்ந்ததன்று.

இவற்றை நிறுத்துவதாற் கிடைக்கும் இலாபம் எவ்வளவு? மூன்றும் சேர்ந்து கொள்வது பொதுவாகச் சில பத்து மெகாபைட்டுகளே. 4,096 மெகாபைட் கொண்ட கணினியில் அது ஒரு சதவீத அளவினது. பிரதான நினைவகத்தின் ஒரு பகுதியை ஒட்டிய வரைவியற் பகுதி தனக்கென எடுத்துக்கொள்வதைக் கண்டு, துணை நிரலை நிறுத்தினால் அது மீளும் என நம்புவோர் உளர். அது மீளாது. அப்பகிர்வைத் தீர்மானிப்பன கணினியின் அடிப்படை அமைப்பும் இயக்கியுமே. இணைய உலாவியில் திறந்து கிடக்கும் இரண்டு பக்கங்களை மூடுவது இம்மூன்றையும் நிறுத்துவதைவிடக் கூடிய பயன் தரும் என்பதை எவரும் பணி மேலாளரைத் திறந்து நேரிற் காணலாம்.

தனி அட்டை பூட்டிய கணினிகளில் கணக்கு வேறு. என்விடியாவின் ஜீபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்னும் நிரலும், 2024 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த என்விடியா செயலியும் விளையாட்டைப் பதிவுசெய்யும் மேற்படலம் முதலியவற்றையும் சுமந்து வருவன. இவை நூறு மெகாபைட்டுகளைக் கடந்து நினைவகத்தை விழுங்கக்கூடியன. பாடசாலைக்கு இவற்றால் யாதொரு பயனுமில்லை. 2016இல் வெளிவந்த ஜீபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸின் மூன்றாம் பதிப்பு, பயனாளர் தம்மைப் பதிவுசெய்து உட்புகுந்தாலன்றி வசதிகளைத் திறக்க மறுத்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. விலைகொடுத்து வாங்கிய பொருளை இயக்குவதற்குத் தம் அடையாளத்தையும் கொடுக்கவேண்டும் என்ற அந்த நியாயம் கண்டனத்துக்குள்ளாயிற்று. புதிய செயலி அக்கட்டாயத்தைக் கைவிட்டுள்ளது. எனினும் என்விடியாவின் காட்சிக் கொள்கலன் எனப்படும் சேவையை நிறுத்துவோர் ஒன்றை மனங்கொள்ளவேண்டும்: திரை இயங்கும், ஆயின் அதன் கட்டுப்பாட்டுப் பலகம் திறக்காது. ஏ.எம்.டி. அட்டைகளின் புற நிகழ்வுச் சேவையை நிறுத்தினாலும் திரை இயங்கும்.

நிறுத்துதல் வேறு, நீக்குதல் வேறு. தொடக்கப் பட்டியலில் முடக்கிய நிரலை ஒரு சொடுக்கில் மீண்டும் இயக்கலாம். கோப்பை அழித்தால் இயக்கி முழுவதையும் மீள நிறுவ நேரும். சமிக்ஞை விட்டுவிட்டு வரும் மலைப்பகுதியில் பல நூறு மெகாபைட் கொண்ட அக்கோப்பினை இறக்குதல் இலகுவான காரியமன்று. ஒரு நேரத்தில் ஒரு நிரலையே நிறுத்தி, கணினியை மீளத் தொடக்கி, உறங்கவிட்டு எழுப்பி, மல்டிமீடியாவை இணைத்துப் பார்த்து, குறையொன்றுமில்லையெனக் கண்ட பின்னரே அடுத்ததைத் தொடவேண்டும். புதிய பதிப்பைத் தேடும் நிரலை நிறுத்துவோர், இயக்கிகளிலும் பாதுகாப்புக் குறைகள் காணப்பட்டுத் திருத்தப்படுகின்றன என்பதை மறவாது, தவணைக்கு ஒருமுறையேனும் தாமே தேடிப் பார்த்தல் வேண்டும்.

தொழினுட்பத்தின்பாற்படாத தடையொன்றும் உண்டு. பாடநூலிற் பணிசெயல் முறைமை, சாதன இயக்கி எனத் தமிழிற் பயிலும் மாணவி, திரையிற் காண்பதோ ஆங்கிலச் சுருக்கெழுத்துகளை. எது இயக்கி, எது துணை நிரல் என்பதை அவை அவளுக்கு உணர்த்துவதில்லை. ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் அதில் ஓடும் நிரல்களின் பெயரையும் பணியையும், நிறுத்தப்பட்டவை எவை, எத்திகதியில், எவரால் என்பதையும் தமிழில் எழுதி ஒட்டிய ஒரு தாள் இருக்குமாயின், ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னரும் அடுத்து வருபவர் அங்கிருந்து தொடரலாம்.