45 ஆண்டு தாங்க வேண்டிய உறை

கொழுந்தெடுக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு ஐந்து மாதம். வயிற்றில் வளர்வது பெண் பிள்ளை. அந்தச் சிசுவுக்குள் இந்நேரம் 60, 70 இலட்சம் முட்டைக் கலங்கள் உருவாகியிருக்கும். இதன்பிறகு அவை குறையுமே தவிரக் கூடாது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறும் தாய், தன் பேரப்பிள்ளைகளின் முதல் பாதியையும் சேர்த்துத்தான் சுமக்கிறாள்.

அந்தக் கலங்கள் பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். சில முட்டைகள் 15 ஆண்டு காத்திருக்கும். சில 45 ஆண்டு. அவ்வளவு காலமும் டிஎன்ஏயைச் சுற்றி நின்று காப்பது, இரட்டை மென்சவ்வாலான கருவுறை.

அந்த உறையில் பதிந்திருக்கும் புரதங்களில் ஒன்று நெம்ப்1. இதன் மரபணுவில் உள்ள சிறு மாறுபாடுகளுக்கும் மாதவிடாய் முன்கூட்டியே நின்றுபோவதற்கும் தொடர்புண்டு என்பது முன்பே தெரிந்திருந்தது, காரணந்தான் புலப்படவில்லை. ஆய்வாளர் ஹெலன் மெக்நீலின் குழு 2020இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் விடை சொன்னது. பழ ஈ, உருளைப்புழு, வரிக்குதிரை மீன், சுண்டெலி நான்கிலும் இப்புரதத்தை இல்லாமலாக்கிப் பார்த்தார்கள். அவை மலடாயின, அல்லது சீக்கிரமே கருவளம் இழந்தன. ஹட்டன் கடைத்தெருவில் கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் குட்டி ஈயின் உறவுக்கும் எலிக்கும் ஒரே ஏற்பாடு! எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்கவில்லை.

நெம்ப்1, எமெரின் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்து உறைக்கு விறைப்பைத் தருகிறது. அது இல்லாவிட்டால் இனப்பெருக்கக் கலங்களின் கரு தொளதொளத்து உருக்குலையும். பிள்ளை இல்லாதவளை என்ன பாவம் செய்தாளோ என்று பேசும் வாய்கள் லயத்திலும் உண்டு, பங்களாவிலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஓர் உறையின் தளர்ச்சியைப் பாவக் கணக்கில் எழுதுவது கொடுமை.

எமெரின் பழுதானால் வருவது வேறு நோய்: எமெரி-டிரைஃபஸ் தசைநலிவு. சிறு வயதிலேயே முழங்கை மடங்கி இறுகும். பிறகு இதயத்துடிப்பு தடுமாறும். உறையை உள்ளிருந்து தாங்கும் லமின் என்ற புரதம் பழுதானாலும் இதே நோய் வரலாம். ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் வீணா பர்நாயக் பல்லாண்டு ஆராய்ந்தது இந்த லமின்களைத்தான்.

நெம்ப்1 பற்றி 2022இல் இன்னொன்றும் வெளிவந்தது. செங்குருதிக் கலம் முதிரும்போது தன் கருவையே வெளியே தள்ளிவிடும். நெம்ப்1 இல்லாத சுண்டெலியில் அது சரிவர நடக்காமல் சோகை உண்டாகிறது. தோட்டத்துக் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுக்கும் சோகை இதுவல்ல. அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால் வருவது, தீர்க்கக்கூடியது. அந்த மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடுவதில்லை.