ஏலக்காய் உலர் அறையில் செயற்கை நுண்ணறிவு

போடிநாயக்கனூர்க் கடைவீதியில் நடந்திருக்கிறீர்களா? ஏலக்காயின் மணம் உங்களை வரவேற்கும். அக்காய்களில் பெரும்பகுதி விளைவது போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலமலைகளில். தேனி மாவட்டத் தொழிலாளர் பலர் நாள்தோறும் ஜீப்பில் மலையேறி, தோட்ட வேலை முடித்துத் திரும்புகின்றனர். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் போடியிலும் புற்றடியிலும் கணிப்பொறி வழியே நடைபெறுகிறது. விலை கூறக் கணிப்பொறி வந்துவிட்டது. விறகைச் சேமிக்கவும் அது உதவுமா? அங்கு வேலை செய்யும் இளைஞர்கள் அதை எவ்வாறு நோக்கலாம்? பார்ப்போம்.

நீரை வெளியேற்றும் கணக்கு

பறித்த பச்சைக் காய் 100 கிலோவில் ஏறத்தாழ 80 கிலோ நீர்தான். உலர்ந்த காயில் நீர் 10 சதவீத அளவில் இருக்கவேண்டும். எனவே 78 கிலோ நீர் வெளியேறி, 22 கிலோ காய் எஞ்சும். ஒரு கிலோ நீர் 50 டிகிரி செல்சியசில் ஆவியாக ஏறத்தாழ 570 கிலோகலோரி வெப்பம் தேவை. ஒரு கிலோ காய்ந்த விறகு 3,500 கிலோகலோரி தருவதாகக் கொண்டால், 13 கிலோ விறகே போதும்!

ஆனால் புகைக்குழாய், சுவர், திறந்த கதவு வழியே வெப்பம் வீணாகிறது. எனவே நடைமுறையில் இதைப் போலச் சில மடங்கு விறகு எரிகிறது. அந்த வேறுபாட்டில்தான் நாம் காக்கக்கூடிய மரங்கள் இருக்கின்றன.

கற்றுக்கொள்ளும் கருவி

வெப்பம் மிகுந்தால் காய் வெடிக்கும். பச்சை நிறம் மங்கும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரவெல்லாம் விழித்திருந்து விறகு தள்ளுபவர் அனுபவத்தால் இதைச் சமாளிக்கிறார்.

சாதாரண வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, குறித்த வெப்பநிலை வந்ததும் விசிறியை நிறுத்தும், அவ்வளவே. செயற்கை நுண்ணறிவு அப்படியன்று. முன்பு உலர்த்திய ஒவ்வொரு முறையும் பதிவான வெப்பநிலை, ஈரப்பதம், விறகின் எடை, காயின் தரம் ஆகியவற்றை ஒப்பிட்டு, எப்போது காற்றுவழியைத் திறக்கலாம், எப்போது உலர்த்தலை முடிக்கலாம் என்று கணிக்கும். தேவைக்கு மேல் எரிக்கும் கடைசி மணிநேரங்கள் மிச்சமாகலாம்.

இளைஞர்களின் கேள்விகள்

இப்போது அந்த அறையில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞராக உங்களை எண்ணிக்கொள்ளுங்கள். புகையும் இரவு விழிப்பும் குறையும் என்று மகிழ்வீர்கள். ஆனால் கருவி கற்றது யாரிடம்? மூத்த தொழிலாளியின் கைப்பழக்கத்திடம் அல்லவா? மிச்சமாகும் பணத்தில் அவருக்குப் பங்கு உண்டா?

காய்களை நிறம் பார்த்துப் பிரிக்கும் பெண்ணாக எண்ணிப் பாருங்கள். கேமராவால் பார்த்து, காற்றைப் பீச்சித் தரங்குறைந்த காயைத் தள்ளும் இயந்திரங்கள் உள்ளன. மரம் பிழைத்து, அவர் கூலி போய்விட்டால் அதை முழு வெற்றி என்பீர்களா?

மூன்றாவது கேள்வி மின்சாரம். 2024-இல் உலகத் தரவு மையங்கள் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரம் செலவிட்டதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டது. இது உலக மின்நுகர்வில் சுமார் 1.5 சதவீதம். செயற்கை நுண்ணறிவு இத்தேவையை வேகமாக வளர்க்கிறது. ஆயினும் ஓர் உலர் அறைக்குப் பெருங்கணிப்பொறி வேண்டியதில்லை. சிறிய மின்சுற்றே போதும். வேலைக்கு ஏற்ற அளவில் கருவியைத் தேர்வதும் சிக்கனமே.

ஆகவே கருவியை வரவேற்பதா, வெறுப்பதா என்பதன்று கேள்வி. அளந்து பார்ப்பதே அறிவியல் வழி. கருவி வருமுன் எவ்வளவு விறகு எரிந்தது, வந்தபின் எவ்வளவு, வேலை இழந்தவர் எத்தனை பேர், புதிய வேலை கற்றவர் எத்தனை பேர் என்று எழுதிவைக்க வேண்டும். அக்குறிப்பைத் தொழிலாளரும் படிக்க முடியவேண்டும்.

உங்கள் ஊரில் அரிசி ஆலையோ செங்கல் சூளையோ இருக்கிறதா? ஒரு நாள் அங்கே சென்று, எரியும் எரிபொருளின் எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே கண்ட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சேமிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.