குடும்பச் சூழலும் வளரிளம் பருவ நடத்தைச் சிக்கல்களும்

வளரிளம் பருவ நடத்தைச் சிக்கல்கள் என்பவை, பதின்ம வயதினரிடம் தொடர்ந்து காணப்பட்டு, அவர்களது கல்வியையும் உறவுகளையும் பாதிக்கும் செயல்களைக் குறிக்கும். உளவியலாளர்கள் இவற்றை இரு வகையாகப் பிரிப்பர். சண்டை, திருட்டு, விதிமீறல் முதலியன வெளிநோக்கிய சிக்கல்கள் ஆகும். மிகுந்த அச்சம், சோர்வு, ஒதுங்கியிருத்தல் முதலியன உள்நோக்கிய சிக்கல்கள் ஆகும். குடும்ப வாழ்க்கையையும் இச்சிக்கல்களையும் இணைக்கும் முக்கியக் கண்ணிகளுள் ஒன்று உணர்ச்சி ஒழுங்குபடுத்தல் ஆகும்.

உணர்ச்சி ஒழுங்குபடுத்தல்

தமக்குத் தோன்றும் உணர்ச்சியின் அளவையும் அது வெளிப்படும் விதத்தையும் ஒருவர் மாற்றியமைத்துக்கொள்வதே உணர்ச்சி ஒழுங்குபடுத்தல் எனப்படும். இது உணர்ச்சியை மறைப்பதிலிருந்து வேறுபட்டது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படக்காட்சி ஒன்றைப் பார்த்தவர்களுள், அதனை வேறு கோணத்தில் எண்ணிப் பார்த்தவர்களுக்கு அருவருப்பு குறைந்தது. முகத்தில் காட்டாமல் அடக்கியவர்களுக்கு அது குறையவில்லை. மாறாக உடலின் பதற்றம் கூடியது. எனவே, ஒரு பிள்ளை பேசாமல் இருப்பதை மட்டும் கொண்டு அது அமைதியாக உள்ளது எனக் கூற இயலாது.

குடும்பத்தில் கற்றல்

அமாண்டா மோரிஸ் முதலிய ஆய்வாளர்கள் 2007 இல் முன்வைத்த கருத்துருவின்படி, பிள்ளைகள் இத்திறனை மூன்று வழிகளில் பெறுகின்றனர்.

1. பெற்றோர் தம் சினத்தையும் கவலையையும் கையாள்வதைக் கவனித்தல்.
2. பிள்ளையின் உணர்ச்சிக்குப் பெற்றோர் காட்டும் எதிர்வினை.
3. வீட்டின் பொதுவான உணர்ச்சிச் சூழல்.

வற்புறுத்தல் சுழற்சி

வீட்டுச் சச்சரவு எவ்வாறு நடத்தைச் சிக்கலாக வளர்கிறது என்பதை ஜெரால்ட் பேட்டர்சன் 1982 இல் வெளியான நூலில் விளக்கினார். எடுத்துக்காட்டாக, தாய் மகனைப் படிக்கச் சொல்கிறார், மகன் கத்துகிறான், தாய் சலித்து விட்டுவிடுகிறார். கத்தினால் தப்பலாம் என மகன் கற்றுக்கொள்கிறான். விட்டுக்கொடுத்தால் சத்தம் ஓயும் எனத் தாயும் கற்றுக்கொள்கிறார். அடுத்த முறை இருவரும் முன்னிலும் கடுமையாகத் தொடங்குகின்றனர். இதில் ஒருவரை மட்டும் குற்றவாளி எனக் கொள்ள இயலாது.

அயோவா ஆய்வு

1980களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிலத்தின் விலை சரிந்து, உழவர்கள் கடனில் மூழ்கினர். ரான்ட் காங்கர், கிளென் எல்டர் ஆகியோர் 1989 முதல் அங்கு ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கொண்ட 451 குடும்பங்களை ஆராய்ந்தனர். பண நெருக்கடி பெரும்பாலும் நேரடியாகப் பிள்ளைகளைத் தாக்கவில்லை. அது முதலில் பெற்றோரின் மனத்தைச் சோர்வடையச் செய்து, கணவன் மனைவியரிடையே சச்சரவை வளர்த்தது. பின்னர் கடுமையான வளர்ப்பு முறையாகப் பிள்ளைகளைச் சென்றடைந்தது. ஒருவருக்கொருவர் ஆதரவாக இருந்த இணையரிடம் இச்சோர்வு குறைவாகவே காணப்பட்டது. இவை பெற்றோர் இருவரும் சேர்ந்து வாழ்ந்த ஊரக வெள்ளையினக் குடும்பங்கள் என்பதால், இம்முடிவுகளை எல்லாச் சமூகங்களுக்கும் அப்படியே பொருத்துதல் ஆகாது.

வரம்புகளும் தீர்வுகளும்

குடும்பம் ஒன்றே காரணம் அன்று. மரபியல்பு, நண்பர்கள், பள்ளி, வறுமை ஆகியவற்றுக்கும் பங்குண்டு. பிள்ளையின் நடத்தையும் பெற்றோரை மாற்றுகிறது. மேலும், விதிமீறலில் ஈடுபடும் பதின்ம வயதினருள் பெரும்பாலோரிடம் அது அப்பருவத்தோடு நின்றுவிடுகிறது என்றும், சிறுவயதிலேயே தொடங்கி நீடிப்போர் சிலரே என்றும் டெர்ரி மாஃபிட் 1993 இல் குறிப்பிட்டார்.

பேட்டர்சனின் ஆய்வுகளிலிருந்து உருவான பெற்றோர் பயிற்சி முறைகள், தெளிவான கட்டளை, நற்செயலைப் பாராட்டுதல், சினமின்றி ஒரே சீராக விதிகளைக் காத்தல் ஆகியவற்றைக் கற்பிக்கின்றன. பிள்ளையின் சினத்தை ஏற்றுக்கொண்டு, அச்சினத்தால் செய்த தவறான செயலுக்கு மட்டும் எல்லை வகுப்பதே ஜான் காட்மன் விளக்கிய உணர்ச்சிப் பயிற்றுவிப்பின் அடிப்படையாகும்.