எந்த மண், யாருடைய காலில்?

2023 டிசம்பர் 24 அன்று, திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்திலுள்ள ராஜாவூரில் சுமார் 60 தலித் மக்கள் கம்பள நாயக்கன் வீதியில் செருப்பு அணிந்து நடந்து சென்றனர். 300 மீட்டர் நீளமே உள்ள அந்தத் தெருவில் அதுவரை அவர்களுக்குச் செருப்புக்குத் தடை இருந்தது. மண்ணோடும் புல்லோடும் உடல் தொடர்புகொள்வது நல்லது என்று மருத்துவ ஆய்வுகள் கூறத் தொடங்கியிருக்கும் காலத்தில், கொங்கு மண்டலத்தில் அந்த ஆய்வுகளை இந்தத் தெருவிலிருந்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆய்வுகளில் உண்மை உண்டு. காடு, தோட்டம், புல்வெளி ஆகியவற்றின் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. தோலிலும் குடலிலும் அவை பலவகையாகப் படியும்போது, எதைத் தாக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கம் குறையும்போது ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் பெருகுகின்றன என்பதே ஆய்வாளர்களின் கருத்து. 2020இல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்றில், நகர்ப்புறக் குழந்தைகள் காப்பகங்களின் சரளைக்கல் முற்றங்களில் காட்டுத்தரை மண்ணும் புல்தரையும் பரப்பப்பட்டன. ஆய்வில் பங்கேற்ற, 3 முதல் 5 வயது வரையிலான குழந்தைகள் 75 பேர். 28 நாட்களில், அந்த முற்றங்களில் விளையாடியவர்களின் தோலில் பாக்டீரியா வகைகள் கூடின. எதிர்ப்பு மண்டலத்தைச் சமநிலையில் வைக்கும் கூறுகளும் இரத்தத்தில் உயர்ந்தன. இது சிறிய ஆய்வு. அக்குழந்தைகளுக்குப் பின்னாளில் நோய் குறைந்தது என்று அது நிறுவவில்லை. ஆயினும் ஒரு மாதத்திலேயே உடல் மறுமொழி அளித்தது என்பதை நாம் ஒதுக்கிவிட முடியாது.

இதை "அழுக்கு நல்லது" என்று சுருக்கிவிடும்போதுதான் சிக்கல். காட்டு மண் வேறு, கழிவுநீர் கலந்த மண் வேறு. மனித மலம் கலந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகின்றன. குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சி இரத்தசோகையை உண்டாக்குகின்றன. எலியின் சிறுநீர் கலந்த நீர் காலிலுள்ள புண் வழியே எலிக்காய்ச்சலைத் தருகிறது. நடைபயிற்சிக்கு வருபவர் விரும்பிச் செருப்பைக் கழற்றுவதும், சாதி ஒருவரைச் செருப்பைக் கழற்றவைப்பதும் உடலுக்கேகூட ஒன்றல்ல. கோவையில் துப்புரவுப் பணியில் பெருமளவில் இருத்தப்பட்டுள்ள அருந்ததியர் மக்களின் கைகளில் நாள்தோறும் படுவது இந்த இரண்டாம் வகை நுண்ணுயிரிகளே. பாதுகாப்புக் கருவியின்றி எவரையும் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடைசெய்கிறது. சாக்கடை மரணத்திற்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கையுறையும் காலணியும் முறையாகக் கிடைத்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.

நல்ல மண் யாருக்குக் கிடைக்கிறது? உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதைகளோடு அழகுபடுத்தப்பட்டன. (கரையில் கல் பதித்தபின் காலில் மண் எங்கே படும் என்பது தனிக் கேள்வி.) 2010 செம்மொழி மாநாட்டின்போது அறிவிக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா, 45 ஏக்கரில், 2025 நவம்பரில் காந்திபுரத்தில் திறக்கப்பட்டது. நகரின் குளக்கரைகளில் வாழ்ந்த குடும்பங்களோ கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற வாரியக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. அவர்களில் தலித்துகள் கணிசமானோர். வெள்ளலூரிலோ மாநகரின் குப்பைக்கிடங்கு இருக்கிறது. 2024 ஏப்ரலில் அது நாட்கணக்கில் எரிந்தது. அடுக்குமாடியில் வளரும் குழந்தைக்கு எந்த மண் வாய்க்கிறது என்று எந்தத் திட்ட அறிக்கையும் கேட்பதில்லை.

சட்டத்தில் இடம் இருக்கிறது. அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2) உறுப்பு. ஊரின் பொதுவளங்களையும் நீர்நிலைகளையும் பாதைகளையும் பட்டியல் சாதியினர் பயன்படுத்தாமல் தடுப்பது, 2015 திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவில் குற்றம். பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காக்க 1959ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றும் உள்ளது. ஆனால் இவை இருக்கும் பூங்காவில் நுழைவதற்கே உதவும். பூங்காவே இல்லாத குடியிருப்புக்கு அவை போதா.

அதற்கு வேறு வழியில் தொடங்கலாம். பெரிய மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தரும்போது பொதுப் பயன்பாட்டுக்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும். கோவையில் இதை 'ரிசர்வ் சைட்' என்பார்கள். உங்கள் வார்டில் அவை எத்தனை, எவ்வளவு பரப்பு, இன்று எப்படிப் பயன்படுகின்றன என்று மாநகராட்சியிடமும், வாரியக் குடியிருப்புகளில் திறந்தவெளிக்குக் காட்டப்பட்ட பரப்பு எவ்வளவு என்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு கொடுங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள்; பட்டியல் மட்டும் வந்தால் ஆக்கிரமிப்பை நிறுவ இயலாது. பதிலுக்கான காலக்கெடு 30 நாட்கள்.